55 சதவீதமா, மூன்றில் இரண்டா?

கலிஃபோர்னியாவில் ஒழுகும் கூரையை மாற்றவும் வகுப்பறைக்கு வைஃபை கொண்டுவரவும் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால், ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி.

பழைய வழியில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். நூற்றில் 34 பேர் முகம் சுளித்தால் கதை முடிந்தது. நிபந்தனைகள் என்னவோ குறைவுதான்.

2000-இல் மாநில வாக்கெடுப்பில் நிறைவேறிய 39-ஆம் முன்மொழிவின் (Proposition 39) வழியில் 55 சதவீதம் போதும். ஆனால் கடிவாளம் உண்டு: என்னென்ன வேலை என்று முன்கூட்டியே பட்டியல், ஆண்டுதோறும் தணிக்கை, மாவட்ட ஊழியருக்கு இடமில்லாத குடிமக்கள் கண்காணிப்புக் குழு.

என் ஓட்டு இதற்கே. ஆதரவு கேட்டு வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் துருப்புச் சீட்டு. பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்ட பெரியவர் வாசலில் நின்று "என் காசு எங்கே போகும்?" என்றால், நீட்ட ஒரு தாள் இருக்கிறது. (நீட்டுகிறவர் தன்னார்வலராக இருக்கட்டும், பள்ளிப் பணத்தில் ஆதரவு திரட்டக் கூடாது.)

மடிக்கணினி மட்டும் உறுத்தும். ஐந்தாறு வருடத்தில் பழசாகும் பொருளுக்கு இருபத்தைந்து வருடக் கடனா? சில மாவட்டங்கள் அதற்கென்றே குறுகிய காலப் பத்திரம் போடுகின்றன.