கறுப்புப் பட்டைக்குள் என்ன? ஏஐயிடம் கேட்கும் இரண்டு வழிகள்

அடையாளம் தெரியாத பறக்கும் பொருட்கள் பற்றி அமெரிக்கா வெளியிட்ட ஆவணங்களை ஏஐயிடம் கொடுத்துப் பார்ப்பவர்கள் கொழும்பிலும் பெருகிவிட்டார்கள். வெள்ளவத்தையில் எங்கள் நண்பர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி.

முதல் கட்சி, அரசு மறைப்பதற்காகக் கறுப்படித்த இடத்தை நிரப்பச் சொல்கிறது. 2021 ஜூனில் வந்த அமெரிக்க உளவுத்துறை அறிக்கை இப்படியான 144 சம்பவங்களைப் பேசியது. காரணம் தெரிந்தது ஒன்றுக்குத்தான், அது காற்றிறங்கிய பலூன். அதன் இரகசியப் பிரதி அடுத்த வருடம் வெளியானபோது, பொருட்களின் வடிவங்களைச் சொல்லும் பகுதி கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. அதை நிரப்பச் சொன்னால் முக்கோணம், வட்டு, உருளை என்று சாட்பாட் தயங்காமல் எழுதித் தரும். எல்லாம் இணையத்தில் ஏற்கெனவே உலாவும் பேச்சு. வதந்தியைக் கொடுத்து வதந்தியையே ஆதாரமாக வாங்குகிறோம்.

கறுப்பை உடைக்கவே முடியாதா? 2004இல் நக்காஷ், வீலன் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷுக்கு 2001 ஆகஸ்ட் 6 அன்று போன உளவுக் குறிப்பில் ஒரு பட்டையின் அகலத்தை அளந்து, அகராதிச் சொற்களோடு பொருத்தி, 'எகிப்திய' என்ற சொல்லுக்கு வந்தார்கள். ஆனால் அது ஒரே ஒரு சொல், அதுவும் அளந்து எடுத்தது. முழுப் பந்திக்கு இந்த வித்தை எடுபடாது.

இரண்டாவது கட்சி, கறுப்புக்கு வெளியே இருப்பதை வாசிக்கச் சொல்கிறது. நான் இந்தப் பக்கம். ஏன் மறைத்தார்கள் என்று சொல்ல, அமெரிக்கத் தகவல் அறியும் சட்டப்படி பட்டைக்குப் பக்கத்தில் விலக்குக் குறி இருக்கும்: பி1 என்றால் தேசியப் பாதுகாப்பு, பி6 என்றால் தனிநபர் அந்தரங்கம். பி6 பட்டைக்குள் பெரும்பாலும் சாட்சியின் பெயரோ விலாசமோதான். எந்தப் பக்கத்தில் எந்தக் குறி என்று நூற்றுக்கணக்கான பக்கங்களை அட்டவணை போடுவது ஏஐக்குச் சரியான வேலை. ஒரே ஆவணம் இரண்டு தடவை வெளியாகியிருந்தால் இன்னும் நல்லது. முன்பு மறைத்து இப்போது திறந்த வரிகளைப் பிடித்துவிடலாம்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. பறக்கும் பொருட்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப் படையின் புளூபுக் திட்டம் 1969இல் முடிந்தது. அதன் கோப்புகள் மங்கிய தட்டச்சுப் பக்கங்கள். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் பழைய டெசராக்ட் மென்பொருள் புரியாததைக் குப்பையாகக் கொட்டும். பிழை என்று கண்ணுக்கே தெரியும். படம் பார்க்கும் ஏஐயோ 30,000 அடியா 80,000 அடியா என்று புரியாத இடத்திலும் சுத்தமான ஒரு இலக்கத்தை எழுதிவிடும். இலக்கங்களை மூலப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் (2016, இல. 12) விலக்குகள் 5ஆம் பிரிவில் இருக்கின்றன. பாதி மறைத்த பதில் கைக்கு வந்தால், எந்த உட்பிரிவின் கீழ் மறைத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் அட்டவணை போட முடியும்.