கெட்ட மண்ணில் காசு தேட எந்த டிடெக்டர்? ஒற்றை அதிர்வெண்ணா, பல அதிர்வெண்ணா, பல்ஸா

ஒரு வெள்ளிக் காசை மேசை மேல் வைத்து, உலோகம் தேடும் கருவியான டிடெக்டரைக் காட்டினால் முக்கால் அடி, ஓரடி உயரத்திலிருந்தே தெளிவாகச் சத்தம் கொடுக்கும். அதே காசை இரும்புத் தாது நிறைந்த மண்ணில் அரை அடி ஆழத்தில் புதைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள். சில கருவிகள் ஊமையாகிவிடும். சில கருவிகள் சத்தம் கொடுக்கும், ஆனால் "இது ஆணி" என்று சொல்லும். ஊமையாவதைவிட இந்தப் பொய்தான் எனக்குப் பெரிய கவலை. காசு காலடியில் இருக்கிறது, கருவியும் அதைப் பார்த்துவிட்டது, ஆனாலும் நாம் தெரிந்தே அதைத் தாண்டிப் போகிறோம். அதனால் இந்த ஒப்பீட்டில் எது ஆழமாகப் போகும் என்பதை நான் முதல் கேள்வியாக வைக்கவில்லை. எது காசைக் காசு என்று சொல்லும் என்பதுதான் என் அளவுகோல்.

கருவிக்குப் போகும் முன் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். செம்மண் என்றாலே கெட்ட மண் என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பு நிறத்தைக் கொடுப்பது பெரும்பாலும் ஹெமடைட் என்ற இரும்புத் தாது. அதன் காந்தத்தன்மை மிகக் குறைவு. உண்மையில் தொல்லை கொடுப்பவை காந்தத்தன்மை வலுவான தாதுக்களான மேக்னடைட்டும் மேக்ஹெமைட்டும்தான். பளிச்சென்று சிவந்த மண்ணில் கருவி அமைதியாக ஓடுவதும், பார்க்கச் சாதாரணமாக இருக்கும் பழுப்பு மண்ணில் அலறுவதும் இதனால்தான். பலகாலம் தீ எரிந்த இடங்களில், பழைய அடுப்பு மேடுகளில், சூட்டினால் மேக்ஹெமைட் உருவாகியிருக்கும். மனிதர்கள் வாழ்ந்த இடத்தில்தானே காசும் விழுந்திருக்கும், ஆக நாம் தேடிப் போகிற இடமே தொல்லை பிடித்த இடமாக இருக்கிறது. சோதிப்பது சுலபம். ஒரு நல்ல காந்தத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு உலர்ந்த மண்ணில் இழுத்துப் பாருங்கள். கரும்பொடி தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால், எந்த மண்ணோடு மல்லுக்கட்டப் போகிறோம் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வகைக் கெட்ட மண்ணும் உண்டு: உப்பு ஊறிய ஈர மண். அங்கே சிக்கல் காந்தத்தன்மை இல்லை, மண்ணே மின்சாரத்தைக் கடத்துவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கருவித் தேர்வே தப்பாகிவிடும்.

மண் ஏன் இவ்வளவு எளிதாகக் காசை ஜெயிக்கிறது? கருவியின் அடிமுனையில் இருக்கும் கம்பிச் சுருளான காயிலிலிருந்து போகும் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. காசிலிருந்து திரும்பி வரும் சிக்னலும் அப்படியே குறைகிறது. இரண்டையும் சேர்த்தால், காயிலின் அளவைவிடக் கணிசமாகத் தள்ளியிருக்கும் காசின் தூரம் இரட்டிப்பாகும்போது அதன் சிக்னல் சுமார் 64 மடங்கு சுருங்கிவிடும். மண்ணோ காயிலுக்கு அடியிலேயே, பரந்து கிடக்கிறது. அதன் சிக்னல் அப்படிச் சுருங்குவதில்லை. கூட்ட இரைச்சலில் ஒரு முணுமுணுப்பைக் கேட்பது போலத்தான் இந்த வேலை.

ஒற்றை அதிர்வெண்

பெரும்பாலோர் கையில் இருப்பது இதுதான். ஒரே அதிர்வெண்ணில் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே, திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்குகிறது என்பதை வைத்து உலோகத்தை இனம் காணும். இந்த வகைக் கருவிகளான ஃபிஷர் எஃப்75, டெக்னெடிக்ஸ் டி2 இரண்டும் 13 கிலோஹெர்ட்ஸ். நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12.

இந்த வகையின் உயிர் கிரவுண்ட் பேலன்ஸ். சுத்தமான இடத்தில் காயிலை மேலும் கீழும் ஆட்டி, மண்ணின் சத்தம் அடங்கும் வரை சரிசெய்கிறோம். மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் இது அருமையாக வேலை செய்யும். பத்தடிக்கு ஒருமுறை மாறினால், செய்த பேலன்ஸ் பத்தடியில் கெட்டுவிடும். தானாகவே மண்ணைத் தொடரும் வசதி சில கருவிகளில் உண்டு. மாறிக்கொண்டே இருக்கும் மண்ணில் அது உதவும். ஆனால் ஒரு மெல்லிய சிக்னல் மேல் காயிலைத் திரும்பத் திரும்ப ஆட்டினால் அந்தச் சிக்னலையே மண் என்று நினைத்து அது விழுங்கிவிடக்கூடும். நான் சந்தேகமான சத்தம் கேட்டதும் அதை நிறுத்திவிடுவேன்.

எஃப்75-ல் எனக்கு மிகவும் பிடித்தது, மண்ணில் மேக்னடைட் எவ்வளவு என்று திரையில் கோடுகளாகக் காட்டுவது. காந்தப் பையை இழுக்கிற வேலையை அது நடக்க நடக்கச் செய்துவிடுகிறது. அந்தக் கோடுகள் ஏறும்போது, கிடைத்தது எந்த உலோகம் என்று சொல்லும் திரை எண்ணை நம்புவதை நான் குறைத்துக்கொள்வேன்.

காரணம் இதுதான். ஆழத்தில் உள்ள காசின் சிக்னல் மண்ணின் சிக்னலோடு கலந்துதான் வருகிறது. மண் வலுவானால் கலவை இரும்பின் பக்கம் சாய்கிறது. மேலோட்டமாக இருக்கும்போது உயர்ந்த எண் காட்டிய வெள்ளிக் காசு, கீழே போகப் போகத் தடுமாறி, ஒரு கட்டத்தில் இரும்பின் எண்ணுக்குள் விழுந்துவிடும். அப்போது இரும்பை ஒதுக்கும் அமைப்பைப் போட்டிருந்தால், காசையும் சேர்த்து ஒதுக்கிவிட்டோம் என்று அர்த்தம். எனவே கெட்ட மண்ணில் ஒற்றை அதிர்வெண் வைத்திருப்பவர் எல்லா உலோகத்தையும் கேட்கும் முறையில் தேடுவதே நல்லது. ஆழமும் அதில்தான் அதிகம். சத்தம் வந்த பிறகு உலோகத்தை இனம் பிரிக்கும் முறைக்கு மாற்றி, இரண்டு திசைகளிலிருந்தும் ஆட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். பொறுமை இருந்தால் இந்த எளிய கருவியில் நிறைய எடுக்கலாம். விலையிலும் எடையிலும் இதற்கு நிகர் இல்லை.

பல அதிர்வெண்

இந்த யோசனை புதிதல்ல. 1991-லேயே ஃபிஷர் சிஇசட்-6 என்ற கருவி 5, 15 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியது. மைன்லேப் நிறுவனத்தின் சாவரின் வரிசையும் அதே காலத்தில் தொடங்கியது. 2018-ல் மைன்லேப்பின் ஈக்வினாக்ஸ் வந்த பிறகுதான் இது சாதாரண விலைக்கு இறங்கியது. அப்புறம் எக்ஸ்பி டியூஸ் 2, நோக்டா லெஜண்ட் என்று போட்டி சூடுபிடித்தது.

இதன் பலம் எங்கே என்பதில்தான் விளம்பரமும் உண்மையும் பிரிகின்றன. உப்பு மண்ணின் சிக்னல் அதிர்வெண் கூடக் கூட வளர்கிறது. மேக்னடைட்டின் போக்கு அதிர்வெண்ணைப் பொறுத்து அவ்வளவாக மாறாது. இரண்டு அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் பார்த்தால் இந்த இரண்டையும் கணக்குப் போட்டுக் கழிக்க முடியும். ஒற்றை அதிர்வெண் கருவியால் முடியாத காரியம் இது. அதில் உப்புக்குப் பேலன்ஸ் செய்தால் இரும்புத் தாது கத்தும், இரும்புத் தாதுவுக்குச் செய்தால் உப்பு கத்தும். ஆக, கரும்பொடி கலந்த ஈர உப்பு மணலில் பல அதிர்வெண்ணுக்கு முன் ஒற்றை நிற்கவே முடியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் உப்பே இல்லாத, வெறும் மேக்னடைட் நிறைந்த உலர்ந்த நிலத்தில்? அங்கே வித்தியாசம் நீங்கள் எதிர்பார்க்கும் அளவு இருக்காது. ஆழத்தில் நல்ல 13 கிலோஹெர்ட்ஸ் கருவி பக்கத்திலேயே நிற்கும். பல அதிர்வெண் அங்கே கொடுப்பது ஆழத்தைவிட நேர்மையை. காசின் எண் சீக்கிரம் இரும்புக்குள் சரியாமல் இன்னும் ஓரிரு அங்குலம் தாக்குப்பிடிக்கிறது. தடித்த வெள்ளிக் காசுக்குக் குறைந்த அதிர்வெண்ணும், மெல்லிய சிறு காசுக்கு உயர்ந்த அதிர்வெண்ணும் சாதகம் என்பதால், எந்தக் காசு கிடக்கிறது என்று தெரியாத இடத்தில் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். என் அளவுகோலுக்கு இதுவே போதுமான காரணம்.

ஈக்வினாக்ஸ் 800 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் சென்சிட்டிவிட்டி, அதாவது உணர்திறன், 25 வரை போகும். கெட்ட மண்ணில் அதை உச்சத்தில் வைப்பது காசுக்கு உதவாது, மண்ணைத்தான் சத்தமாக்கும். கருவி அமைதியாகும் வரை இறக்குங்கள். இறக்கிய பிறகு முன்பு கேட்காத காசு கேட்பதை நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு சிக்னலிலிருந்து மீண்டு அடுத்ததற்குத் தயாராகும் வேகமான, 1 முதல் 8 வரை உள்ள ரெகவரி ஸ்பீடையும் கொஞ்சம் ஏற்றிவைத்தால் மண்ணின் நீண்ட இரைச்சல் குறையும்.

பல்ஸ்

இது வேறு உலகம். இடைவிடாமல் அனுப்பாமல், ஒரு குட்டித் துடிப்பை அனுப்பி, நிறுத்தி, பத்து மைக்ரோ நொடி அளவுக்குக் காத்திருந்து, பிறகு கேட்கிறது. சாதாரண மேக்னடைட்டின் பதில் துடிப்பு நின்றதும் நின்றுவிடும். உப்பின் பதிலும் சீக்கிரம் செத்துவிடும். காசுக்குள் சுழலும் மின்னோட்டம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஊரே தூங்கிய பிறகு ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிவது போல. எவ்வளவு அழகான யோசனை!

முழுவதும் அவ்வளவு சுலபமில்லை. மிக நுண்ணிய மேக்ஹெமைட் துகள்கள் துடிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காந்தத்தை விடாமல் பிடித்திருக்கும். அந்த வகை மண்ணில் எளிய பல்ஸ் கருவியும் உளறும். இதற்காகத்தான் ஒயிட்ஸ் டிடிஐ, மைன்லேப் ஜிபிஎக்ஸ், கேரட் ஆக்சியம் போன்றவை பல்ஸிலும் கிரவுண்ட் பேலன்ஸ் வைத்திருக்கின்றன. அதற்கும் ஒரு விலை உண்டு: மண்ணைக் கழிக்கும்போது, அந்த மண்ணைப் போலவே நடந்துகொள்ளும் சில பொருட்களும் சேர்ந்து கழிந்துபோகும். தடித்த வெள்ளிக் காசுகள் பொதுவாகத் தப்பிவிடும்.

ஆழத்தில் பல்ஸ்தான் ராஜா. மற்ற இரண்டும் கைவிட்ட மண்ணில், கைவிட்ட ஆழத்தில், அது காசை எடுக்கும். ஆனால் ஆணியையும் அதே ஆர்வத்தோடு எடுக்கும். டிடிஐ-யில் இரண்டு விதச் சத்தம் உண்டு, குறைவாகக் கடத்தும் பொருளுக்கு உயர்ந்த சுருதி, வெள்ளி போல நன்றாகக் கடத்துவதற்குத் தாழ்ந்த சுருதி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பல ஆணிகளும் அதே தாழ்ந்த சுருதியில்தான் பாடும். பழைய வீடு இடிந்த ஓரிடத்தில் ஒரு காலை முழுவதும் பல்ஸோடு இருந்தேன். ஆணியும் கம்பித் துண்டும்தான் வந்தன, ஒவ்வொன்றும் ஓரடிக் குழி. அதே இடத்தில் பல அதிர்வெண் கருவி மறுநாள் மேலாகவே கிடந்த இரண்டு செப்புக் காசுகளைச் சொல்லிக் கொடுத்தது.

அதனால் பல்ஸ் எனக்கு இரண்டு இடங்களுக்கு மட்டும்: குப்பை குறைந்த கரும்மணல், மற்றும் எல்லாரும் தேடித் தீர்த்துவிட்டதாகச் சொல்லும், இரும்பு அதிகமில்லாத திறந்த வெளி. காசு தேடுபவருக்கு முதல் கருவியாக நான் இதைச் சொல்லவே மாட்டேன். ஜிபிஎக்ஸ் 5000 போன்றவற்றின் பேட்டரியை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

காயில்

இவ்வளவும் சொன்ன பிறகு, புதுக் கருவி வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்களை ஒரு நிமிடம் நிறுத்தி வைக்க ஆசைப்படுகிறேன். கையில் இருக்கும் கருவிக்கு, இரண்டு D வடிவச் சுற்றுகள் கொண்ட சின்ன டிடி காயில் ஒன்று மாட்டிப் பார்த்தீர்களா?

வட்டத்துக்குள் வட்டமாக அமைந்த கான்சென்ட்ரிக் காயில் நல்ல மண்ணில் அருமையானது, காசின் இடத்தையும் எண்ணையும் துல்லியமாகச் சொல்லும். கெட்ட மண்ணில் அது தன் அகலம் முழுவதும் உள்ள மண்ணை அள்ளிக்கொள்கிறது. டிடி காயில் நடுவில் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் கூர்ந்து பார்க்கிறது, அதனால் மண் குறைவு, காசின் பங்கு அதிகம். சிறிய காயில் இன்னும் குறைவான மண்ணைப் பார்க்கும். "பெரிய காயில் என்றால் பெரிய ஆழம்" என்பது நல்ல மண்ணுக்கு எழுதிய விதி. கடுமையான மண்ணில் 11 அங்குலத்தைக் கழற்றிவிட்டு 6 அங்குலத்தை மாட்டினதும் ஆழம் கூடியதைப் பார்த்தவர்கள் நிறைய பேர், நானும் ஒருவன். நடையில் அகலம் போய்விடும், அதே நிலத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆகட்டும்.

செலவே இல்லாத இன்னொன்றும் இருக்கிறது. கருவி திணறும் இடத்தில் காயிலைத் தரையோடு தேய்க்காமல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூக்கி ஆட்டிப் பாருங்கள். மேல்மண்ணின் தாக்கம் குறைந்து கருவி மூச்சு விடும். உயரம் மட்டும் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மாறக் கூடாது. முனையில் காயில் எழும்பினால் அதுவே ஒரு பொய்ச் சத்தம்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. குழி தோண்டிக் காசைப் போட்டு மூடி, உடனே மூன்று கருவிகளையும் ஓட்டி முடிவு கட்டாதீர்கள். கிளறின மண்ணும் கிளறாத மண்ணும் கருவிக்கு ஒன்றல்ல. உண்மையான ஒப்பீடு, காட்டில் கிடைத்த ஒரு சந்தேகச் சத்தத்தை, தோண்டுவதற்கு முன், ஒவ்வொரு கருவியாலும் கேட்டு, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று எழுதி வைத்துவிட்டு, அப்புறம் தோண்டுவது.