2007இல் வாங்கிய கை ஜிபிஎஸ்: இடம் சரி, தேதி தப்பு

தூத்துக்குடியில் எங்களுக்கு ஒரு நாட்டுப்படகு இருக்கிறது. 2007இல் வாங்கிய கை ஜிபிஎஸ் இன்னும் அதில்தான் வருகிறது. பட்டன் ரப்பர் தேய்ந்துவிட்டது, திரையெல்லாம் உப்புக் கறை, ஆனாலும் அப்பா குறித்து வைத்த பார்களுக்கு, அதாவது மீன் கூடுகிற கடலடிப் பாறைத் திட்டுகளுக்கு, நேர் மேலே கொண்டுபோய் நிறுத்துவதில் இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. குறை வந்தது தேதியில்.

2022 ஆகஸ்ட் 15, திங்கட்கிழமை விடியற்காலை. ஞாயிறு நாங்கள் கடலுக்குப் போவதில்லை, அதனால் சனிக்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஆன் செய்தேன். கருவியில் நிலாவின் பிறையைக் காட்டும் திரையில் மெலிந்த தேய்பிறை, அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கிற மாதிரி. வானத்திலோ பௌர்ணமி கழிந்து மூன்றே நாளான நிலா, வலை கண்ணி தெரிகிற அளவுக்கு வெளிச்சம். தேதியைப் பார்த்தால் 2002 டிசம்பர் 30! சூரிய உதயமும் இருபது நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. கிழமை மட்டும் திங்கள் என்று சரியாகவே இருந்தது, அதை வைத்துத்தான் காரணத்தைப் பிடித்தேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நாள், மாதம், வருடம் என்று அனுப்புவதே இல்லை. இது எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனை நொடி ஆயிற்று, அவ்வளவுதான். 1980 ஜனவரி 6இல் தொடங்கிய எண்ணிக்கை. பழைய சிக்னலில் வார எண்ணுக்கு 10 பிட்தான் (0 அல்லது 1 என்ற இலக்கம்) இடம், 1023 வரை போய் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரு சுற்று 1024 வாரம், அதாவது 7168 நாள். முழு வாரக் கணக்கு என்பதால்தான் கிழமை மாறவில்லை. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் சுற்று முடிந்தது, அடுத்தது 2038 நவம்பர்.

அப்படியானால் 2019ஐத் தாண்டிய கருவி 2022இல் ஏன் தடுமாற வேண்டும்? இது எந்தச் சுற்று என்பதைக் கருவியே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதற்காக உள்ளே இருக்கும் மென்பொருளில் ஒரு தொடக்க வாரத்தைப் பதிந்துவிடுகிறார்கள், அதற்குக் குறைந்த எண் வந்தால் அடுத்த சுற்று என்று எடுத்துக்கொள்ளும். அந்தத் தொடக்கத்திலிருந்து 1024 வாரம்தான் அதன் ஆயுள். என்னுடையதில் தொடக்கம் 2002 டிசம்பர் 29, ஞாயிறு. கணக்குப் போட்டால் 2022 ஆகஸ்ட் 14, ஞாயிறு நம் நேரம் காலை 5:29:42க்குத் தேதி பின்னோக்கிக் குதித்திருக்கிறது. உலக நேரத்தின் நள்ளிரவு நமக்குக் காலை 5:30, ஆனால் அது சரியாக 5:30 இல்லை, ஏனென்றால் பூமியின் சுழற்சிக்கு ஈடாக உலக நேரத்தில் அவ்வப்போது கூட்டும் லீப் நொடிகளை ஜிபிஎஸ் நேரம் சேர்ப்பதில்லை, உலக நேரத்தைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது.

இடத்தைக் கணக்கிட வாரத்துக்குள் இருக்கும் நொடிகளே போதும், அதனால் பார்கள் ஒன்றும் நகரவில்லை. ஆனால் எந்த நாளில் எந்தப் பாரில் என்ன மீன் பட்டது என்று பிறையோடு சேர்த்துப் பார்க்கிறவன் நான், எனக்குத் தேதி முக்கியம். கம்பெனியில் கேட்டேன், பழைய மாடல், இனி அப்டேட் கிடையாது என்றார்கள். இப்போது பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொரு தேதியோடும் 7168 நாள் கூட்டிக்கொள்கிறேன்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் விலைக்கு முன்னால் கடைசி அப்டேட் எந்த வருடம் என்று கேளுங்கள். ஜிபிஎஸ்ஸின் புதிய சிக்னல்களில் வார எண்ணுக்கு 13 பிட், 8192 வாரம், 157 வருடம் தாங்கும், ஆனால் அதைப் படிக்கிற கருவியாக இருக்க வேண்டும். நான் இதையே வைத்துக்கொள்ளப் போகிறேன். அப்பாவின் புள்ளிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவிட்டேன், பிறைக்கு வீட்டுக் காலண்டர் இருக்கிறது.