தில்லைநகர் மகளிர் பிசியோதெரபி மையம்: புருஷன் பெண்டாட்டி சேர்ந்தே போய் வரலாம்

மாசமாக இருக்கும்போது புருஷன் பெண்டாட்டி தாம்பத்தியத்தில் சேரலாமா, பிள்ளை பெற்ற பிறகு எப்போது சேரலாம், வலித்தால் என்ன செய்வது என்று கணவனையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசும் இடம் திருச்சியில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கர்ப்ப காலத்திலும் போனேன், பிரசவத்துக்குப் பிறகும் போனேன். அதனால் ரெண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் எனக்கு நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளசென்டா) கீழே இறங்கி இருப்பதாக வந்தது. செக்கப் போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் "சேர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்கள், அதுவும் என்னிடம் தனியாக. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவரிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. 32 வார ஸ்கேனில் நஞ்சு மேலே ஏறிவிட்டது, ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தத் தடை இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மூச்சுப் பயிற்சி வகுப்புக்காக இந்த மையத்துக்குப் போனபோது அங்கே இருந்த மேடம் ரெண்டு ரிப்போர்ட்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நிறைய பேருக்கு இப்படித்தான், கர்ப்பப்பை வளர வளர நஞ்சு மேலே போய்விடும், உங்க டாக்டரிடம் ஒரு வார்த்தை உறுதி செய்துகொண்டால் போதும் என்றார்.

இவருக்கு இருந்த பயம் வேறு. குழந்தைக்கு அடிபட்டுவிடுமோ என்பது. அதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை, மேடம் "சார், உங்களுக்கு ஏதாவது பயமா இருக்கா?" என்று நேராகக் கேட்டதும்தான் சொன்னார். குழந்தை பனிக்குடத் தண்ணிக்குள்ளே இருக்கிறது, சுற்றிலும் கர்ப்பப்பையின் தடித்த சதை, வாயைச் சளி போன்ற அடைப்பு மூடியிருக்கிறது, அங்கே எதுவும் போய்த் தொடாது என்று படம் போட்டுக் காட்டினார். நஞ்சு வாயை மறைத்திருந்தால், ரத்தப்போக்கு இருந்தால், பனிக்குடம் உடைந்திருந்தால், கர்ப்பவாய் பலவீனம் என்று சொல்லியிருந்தால், குறைமாதப் பிரசவ அபாயம் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது, மற்றபடி சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் கடைசி வரைக்கும் தடை ஒன்றும் இல்லை. உச்சம் வந்த பிறகு வயிறு கொஞ்ச நேரம் இறுகும், தானாக விட்டுவிடும். அப்படி விடாமல் இருந்தாலோ, விட்டு விட்டு வலித்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் வயிற்றில் பாரம் விழாது. ஆசையே இல்லையென்றால் அதுவும் சரிதான், கட்டிக்கொண்டு தூங்குங்கள், அதுவும் கணக்கில் சேரும் என்றார். இதற்கே காசு கொடுக்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு போனதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுகப்பிரசவம், கீழே தையல். பிள்ளை பெற்றதிலிருந்து அம்மா வீட்டில் இருந்தேன், இவர் தஞ்சாவூரிலிருந்து சனி ஞாயிறு வருவார், வந்தால் ஹாலில் படுக்கை. பச்சை உடம்புக்காரி என்று அம்மா என்னை எங்கேயும் நகர விடவில்லை, அதில் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அந்தக் கவனிப்பில்தான் தேறினேன். ஆறு வாரம் கழித்துக் காட்டியபோது டாக்டர் தையல் ஆறிவிட்டது, எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார். தஞ்சாவூர் திரும்பிய பிறகு சேர ஆரம்பித்தால் உயிர் போகிற வலி. கத்தி வைத்த மாதிரி பிறப்புறுப்பின் வாசலிலேயே வலிக்கும். சில மாசம் போய் மறுபடி பார்த்தாலும் அதே வலி. சொந்தத்தில் கேட்டால் "போகப் போகச் சரியாயிடும்டி" என்ற பதில்தான் வரும்.

அதற்காக மையத்துக்குப் போனபோது மேடம் முதலில் கேட்டது வலியைப் பற்றி இல்லை. "ராத்திரி எங்க படுக்கிறீங்க, குழந்தை எங்க, ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?" என்று கேட்டார். கதவு எப்போது திறக்குமோ என்று காதை அங்கே வைத்துக்கொண்டு படுத்தால் உடம்பு எப்படி இளகும் என்று அவர் சொன்னதும் இவர் தலையை ஆட்டிய ஆட்டு இருக்கிறதே. அப்புறம்தான் வலி வாசலிலா உள்ளேயா, பால் கொடுக்கிறீர்களா என்ற கேள்விகள். பால் கொடுக்கும் வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவாக இருக்கும், அதனால் உள்ளே வறண்டு போகும், மனசில் ஆசை இருந்தாலும் ஈரம் வராது. இதை இவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தன் மேல் ஆசை விட்டுப்போச்சோ என்று இவர் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து இடுப்புத் தளத் தசை, அதாவது கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் கீழேயிருந்து தாங்கும் தசை. யூடியூபைத் திறந்தால் பிள்ளை பெற்றவள் எல்லாம் கீகல் (அந்தத் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி) செய் என்கிறார்கள், நானும் அங்கே போவதற்கு முன்பே தினமும் செய்துகொண்டிருந்தேன். பரிசோதித்துப் பார்த்தவர் உங்களுக்குத் தசை தளர்ந்து போகவில்லை, வலிக்குப் பயந்து பயந்து இறுகிப் போயிருக்கிறது, இன்னும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும், கீகலை நிறுத்துங்க என்றார். கையில் கிளவுஸ் போட்டு ஒரே விரலால்தான் பார்த்தார், ஒவ்வொரு அடிக்கும் "பார்க்கலாமா மா?" என்று கேட்டார், வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டார். துண்டைச் சுருட்டி நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்காரச் சொல்லி, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீழே விரிவதையும் விடும்போது மேலே ஏறுவதையும் உணர வைத்தார். இவரையும் உட்கார வைத்தார். ஆம்பளைக்கும் அதே தசை இருக்கிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி. எனக்குச் சொன்ன பயிற்சி முழுக்க இளக்குவதற்குத்தான், கூடவே தையல் தழும்பைக் கட்டைவிரலால் மெதுவாக நீவி விடுவது. கொஞ்ச நாள் உள்ளே விடும் முயற்சியே வேண்டாம், தொடுவதும் முத்தமும் மட்டும் இருக்கட்டும், வலித்தால் அந்த நொடியே நிறுத்துங்க, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டால் உடம்பு அந்த வலியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னார். ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. ஆனால் மாறியது. இன்றைக்கு வலி இல்லை, பயமும் இல்லை.

சிசேரியன் ஆனவர்களுக்கும் இது பொருந்தும். வறட்சி அவர்களுக்கும் அதேதான், வயிற்றுத் தழும்பு இழுக்கும் வலி வேறு உண்டு. என் தோழியும் அங்கே போனாள், ஆனால் அவளுக்கு எனக்குக் கொடுத்த அளவு நேரம் கொடுக்கவில்லை என்றாள்.

இனி எனக்குப் பிடிக்காதவை. கவுன்டரில் வறட்சிக்கு ஒரு ஜெல் விற்கிறார்கள், வாசனை போட்டது, தடவியதும் எரிந்தது. மெடிக்கலில் வாசனையோ சூடேற்றும் சரக்கோ இல்லாத, தண்ணீரில் செய்த சாதா ஜெல் கேட்டு வாங்கினேன், அது ஒத்துக்கொண்டது. தழும்பு நீவத் தேங்காய் எண்ணெய் சொன்னார்கள், நல்லதுதான், ஆனால் எண்ணெய் பட்டால் ஆணுறை ரப்பர் இளகிக் கிழியும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை, கருத்தடை பற்றிக் கேட்டால் டாக்டரைக் கேளுங்க என்று முடித்துவிடுகிறார்கள். சேர்வதற்கு வழி சொல்லிக் கொடுக்கும் இடத்தில் இதை விடவே கூடாது. மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு உருவாகலாம். பால் கொடுத்தால் தங்காது என்பது, குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, விலக்கும் வராமல் இருந்தால்தான் செல்லும், மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எனக்கு இதைப் பொறுமையாகச் சொன்னது ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அக்காதான். காப்பர் டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகிய கருத்தடைகள் எல்லாம் அரசாங்கத்தில் இலவசம். அந்தரா பால் கொடுப்பவர்களுக்கு 6 வாரத்துக்குப் பிறகு போடுவார்கள், மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண ரெண்டு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை பால் கொடுக்கும்போது முதல் 6 மாதம் வேண்டாம் என்பார்கள். தையல் வலிக்காக அந்த மையத்துக்குப் போகிறவர்கள் போகிற வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் எட்டிப் பாருங்கள்.

மையத்தில் மனசு பற்றியும் கேட்கிறார்கள், 10 கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அழுகையாகவே வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒரு தடவைக்கு 800 ரூபாய், முக்கால் மணி நேரம். எல்லாராலும் முடியாத தொகைதான், ஆனால் வாராவாரம் வரச் சொல்லி இழுக்கவில்லை, வீட்டில் செய்வதை எழுதிக் கொடுத்து நடுவில் ஒரு தடவை வரச் சொல்கிறார்கள். உள் அறைக்குக் கதவு உண்டு, வரவேற்பில் மட்டும் என்ன பிரச்சினை என்று எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்கிறார்கள், "மேடத்திடம் சொல்லிக்கொள்கிறேன்" என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம், பால் கொடுக்க மறைவான இடம் இருக்கிறது. ஞாயிறு லீவு. வீட்டுக்காரரும் வருகிறார் என்பதை போனில் பதியும்போதே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் சாயங்கால நேரம் ஒதுக்குகிறார்கள், காலையில் பெண்களுக்கு மட்டும்.