லாகோஸ் பலோகுன் சந்தையில் ஒரு ஜார்ஜ் துணிக்கடை: மெட்ராஸ்காரிக்கே மெட்ராஸ் துணி விற்றவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பலோகுனில் நிறையக் கடைகளுக்குக் கிடையாது, அதனால் கடைப் பெயர் என்ன என்று யாரும் கேட்காதீர்கள். வழி சொல்கிறேன், அதுவும் குத்துமதிப்பாகத்தான்.

போன காரணம் கல்யாணம். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு. அவள் இக்போ, மாப்பிள்ளை யொரூபா, இரண்டும் நைஜீரியாவின் பெரிய இனங்கள். இங்கே கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கூடவே நிறத்தையும் சொல்லிவிடுவார்கள். அஷோ எபி என்று அதற்குப் பெயர். பெண் வீட்டுக்கு ஒரு நிறம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, தோழிகளுக்கு ஒன்று. நம் வீடுகளில் அக்கா தங்கை நாலு பேர் ஒரே மாதிரிப் புடவை எடுப்போமே, அதை மண்டபம் முழுக்கச் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த உத்தரவு: மாதுளை நிறத்தில் ஜார்ஜ், தலைக்குத் தங்க நிற கெலே, அதாவது தலையில் சுற்றிக் கட்டும் துணி. கெலேயை அவளே கொடுத்துவிட்டாள். ஜார்ஜுக்கு, "எங்க அம்மா எடுக்கும் கடை ஒன்று இருக்கிறது, அங்கே போ, வேறெங்கும் போய் ஏமாறாதே" என்று ஒரு தாளில் படம் வரைந்து தந்தாள். படத்தில் ஒரு மசூதி, ஒரு வங்கி, ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான்.

2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய நீல வழித்தட ரயிலில் ஏறி மரீனாவில் இறங்கி உள்ளே நடந்தேன். சந்தை என்றால் ஒரு கட்டடம் இல்லை, தெருத்தெருவாகப் பரவிய ஊர். ரங்கநாதன் தெருவைத் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பார்த்தவர்களுக்கு நெரிசல் பழக்கமாக இருக்கும், ஆனால் ரங்கநாதன் தெருவில் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். இங்கே இழுப்பார்கள். "ஃபைன் ஆன்ட்டி, கம் ஸீ!" ஒருவன் "இந்தியா, நமஸ்தே!" என்றான், இன்னொருவன் என் செருப்பைப் பார்த்து அதைவிட நல்ல செருப்பு தன்னிடம் இருப்பதாகச் சொன்னான். மூன்று பேரிடம் வழி கேட்டு, அதில் இரண்டு பேர் தங்கள் கடைக்கே கூட்டிப்போய், கடைசியில் ஒரு இருட்டுப் படிக்கட்டில் இரண்டு மாடி ஏறினால் கடை.

கடை என்றால் நம் வீட்டுச் சமையலறை அளவு. மூன்று பக்கமும் கூரை வரை துணி. நடுவில் ஸ்டூல் போட்டு மேடம், ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏணியில் ஒரு பையன். வாங்குபவரை விற்பவர் "கஸ்டமா" என்பார், விற்பவரை வாங்குபவரும் "கஸ்டமா" என்றே கூப்பிடுவார், இந்த ஊர் வழக்கம் அது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது, யார் யாருக்கு உபகாரம் செய்கிறோம் என்ற கேள்வியே எழாது.

பையன் ஏணியிலிருந்து ஒரு கட்டை எடுத்து மடியில் போட்டான். பட்டு மாதிரிப் பளபளப்பு, முழுக்கப் பூவேலை, ஓரமெல்லாம் ஜிகினா, தூக்கினால் காஞ்சிபுரம் கல்யாணப் புடவை கனம். உறையின் மேல் "மேட் இன் இந்தியா". மேடம் பெருமையாகச் சொன்னார், "ஒரிஜினல் மெட்ராஸ்!" நான் மெட்ராஸ்தான் என்றேன். அவர் நம்பவில்லை. போனில் வீட்டு விலாசம் இருக்கிற ஆதார் அட்டைப் படத்தைக் காட்டினேன், சத்தியமாக. உடனே பக்கத்துக் கடைப் பெண்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார், ஏதோ துணியே நடந்து வந்துவிட்ட மாதிரி.

ஜார்ஜ் என்ற பெயர் நம் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது என்பார்கள். பாரிமுனைக்கு பஸ்ஸில் ஆயிரம் தடவை அந்தக் கோட்டையைக் கடந்து போன எனக்கு இது தெரியாது. 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர்தான் சின்னத் தறிப் பேட்டை, அதாவது சிந்தாதிரிப்பேட்டை, அது பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆனால் அந்தப் பக்கத்துத் துணிகள் கப்பலேறி நைஜர் ஆற்று முகத்துவாரம் வரைக்கும் வந்து, இங்கே பெண் சீரில், சாவு வீட்டில், பட்டம் சூட்டும் விழாவில் எல்லாம் இல்லாமல் முடியாத பொருளாக உட்கார்ந்துவிட்டதை லாகோஸில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துதான் கேட்டேன். முகத்துவாரப் பக்கத்து ஆண்களும் இதை இடுப்பில் வேட்டி மாதிரியே கட்டுகிறார்கள்.

மேடம் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துக் காட்டினார், விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு. சிவப்பும் கருநீலமுமாகக் கட்டம் போட்ட பருத்தித் துணி, நம் பழைய மெட்ராஸ் கட்டமேதான். நைஜர் முகத்துவாரத்துக் கலபாரி மக்கள் இதை இஞ்சிரி என்கிறார்கள். அதோடு விடுவதில்லை, கலபாரிப் பெண்கள் நெய்த துணியில் சில இழைகளை மட்டும் ஊசியால் தூக்கி, பிளேடால் அறுத்து உருவிவிடுகிறார்கள். பெலேட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். வெளிச்சத்தில் பிடித்தேன். கட்டத்துக்குள் சின்னச் சின்ன ஓட்டைகளாக இன்னொரு கோலம். நம் தறியில் போட்டதை அவர்கள் கழித்துக் கழித்தே தங்கள் துணியாக்கியிருக்கிறார்கள். இந்த ஒரு துணிக்காகவே இரண்டு மாடி ஏறலாம்.

சரி, விலைக்கு வருகிறேன். சொன்னது 1,80,000 நைரா. நான் எண்பது என்றேன். மேடம் சிரித்தார், பையன் சிரித்தான், பக்கத்துக் கடைப் பெண்ணும் சிரித்தாள். நாற்பது நிமிடம், நடுவில் ஒரு முறை எழுந்து படி வரைக்கும் போய்த் திரும்பி, 1,15,000-க்கு முடிந்தது. தோழியின் அம்மா பெயரைச் சொன்னதில் கடைசிப் பத்தாயிரம் குறைந்தது, ஆகவே யாராவது தெரிந்தவர் பெயரோடு போங்கள். பணத்தை வங்கிப் பரிமாற்றமாகத்தான் வாங்குவார்கள். அனுப்பிவிட்டேன், என் கணக்கில் கழிந்துவிட்டது, மேடம் போனில் "அலெர்ட்" வரவில்லை. அலெர்ட் வராமல் துணி வெளியே போகாது, நீங்கள் ராஜாவாக இருந்தாலும். இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் பையனோடு பேச்சு.

அவன் சம்பளக்காரன் இல்லை. ஆறு வருடமாக மேடம் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, கடையில் வேலை. இன்னும் ஒரு வருடம். முடிந்ததும் மேடம் அவனுக்குக் கடை போட முதல் கொடுத்து அனுப்ப வேண்டும், "செட்டில்" செய்வது என்கிறார்கள். எழுத்து ஒப்பந்தத்தைவிட ஊர்ப் பேச்சுக்குத்தான் பயம். இக்போக்களின் வியாபாரம் பெரும்பாலும் இந்த முறையில்தான் பெருகியிருக்கிறது. இக்போக்கள் தனி நாடாகப் பிரியப் பார்த்துத் தோற்ற, 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போர் முடிந்தபோது, போருக்கு முன் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கைக்கு வந்தது வெறும் 20 பவுண்டு பணம் என்பதை இன்னும் எல்லா இக்போ வீட்டிலும் சொல்கிறார்கள். அங்கிருந்து சந்தை சந்தையாகத் திரும்ப எழுந்தது ஒரு கடைக்காரர் நாலு பையன்களை வளர்த்து, அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரை வளர்த்துத்தான். செட்டிநாட்டுக் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள், மேலாள் என்று ஏறியது ஞாபகம் வந்தது. அவனிடம் சொன்னேன், அந்தக் கடைகள் இப்போது எங்கே என்று கேட்டான். பர்மாவில் போனது போனதுதான் என்றேன்.

அலெர்ட் வந்தது.

இனி குறைகள். ஜெனரேட்டர் பல்பு வெளிச்சத்தில் மாதுளையாக இருந்தது தெருவுக்கு வந்ததும் கத்திரிக்காய் நிறத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்காதது என் தப்பு. ஆனால் அளவு அவர்கள் தப்பு. ஐந்து கஜம் என்று கொடுத்தது தையல்காரரிடம் அளந்தால் நாலரை. திரும்பப் போனேன், மறுபடி அந்தப் படிக்கட்டு. மேடம் முதலில் தையல்காரரைத்தான் சந்தேகப்பட்டார், அந்த மனிதர் கேட்டிருந்தால் அழுதிருப்பார். பையன் ஒன்றும் பேசாமல் மீட்டர் கோலை எடுத்து அளந்தான், அதே கட்டிலிருந்து ஒரு கஜம் வெட்டித் தந்தான், காசு வாங்கவில்லை. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

கல்யாணத்தன்று துணிக்கு உண்மையான பரீட்சை. இரட்டையாகக் கட்டுவது, ஒன்று கணுக்கால் வரை, மேலே ஒன்று முழங்கால் வரை. கெலே கட்ட ஒரு பெண் வந்து அரை மணி நேரம் மடிப்பு மடிப்பாக இழுத்துக் கட்டினாள், கண் புருவமே ஒரு அங்குலம் ஏறிவிட்டது. ஜிகினா முழங்கையில் உரசும், வேர்க்கும், உட்கார்ந்தால் கசங்காது. ஐந்து மணி நேரம் ஆடியும் ஒரு ஜிகினாகூட உதிரவில்லை.

ஆடாமல் இருக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டாருக்காக, யொரூபா ஆட்ட இசையான ஜூஜூ வாசிக்கும் குழு. ஜூஜூ பாடகர் கிங் சன்னி அடே 1970-களிலேயே அமெரிக்க 'கன்ட்ரி' இசையின் பெடல் ஸ்டீல் கித்தாரைக் கொண்டுவந்து பேசும் பறைகளுக்கு நடுவில் உட்கார வைத்தாரே, அந்த வழுக்கிப் போகும் ஒலிதான். பறை நம் உடுக்கைக்கு அண்ணன்: இடை சிறுத்தது, அக்குளில் இடுக்கிக் கயிற்றை அழுத்தினால் சுரம் ஏறும். யொரூபாவில் மேல், நடு, கீழ் என்று மூன்று தொனி, தொனி மாறினால் அர்த்தம் மாறும், அதனால் பறையடிப்பவர் வாயைத் திறக்காமலே உங்கள் பாட்டன் பெயர் சொல்லிப் புகழ்வார். புகழ்ந்தால் நோட்டை நெற்றியில் ஒட்ட வேண்டும். மொய் நோட்டு கிடையாது, எழுதிவைப்பதும் கிடையாது. மத்திய வங்கிச் சட்டப்படி இப்படி நைராவைத் தெளிப்பது குற்றம், 2024-இல் ஒரு பிரபலத்துக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நான் தெளித்தேனா என்று இங்கே எழுதப்போவதில்லை.

அப்புறம் பெண் வீட்டார் நுழைந்தார்கள், வாத்தியம் ஹைலைஃப் என்ற, கித்தாரும் ஊதுகருவிகளும் சேர்ந்த ஆட்ட இசைக்கு மாறியது. ஒசிட்டா ஒசடபே, ஆலிவர் டி கோக் காலத்துப் பாட்டுகள். பெரிய வியாபாரிகளைப் பெயர் சொல்லிப் புகழ்வது அந்தப் பாட்டுகளில் சர்வ சாதாரணம், அரசனைப் பாடிய பாணர் மாதிரி இவர்கள் கடைக்காரரைப் பாடினார்கள். துணி மேடமும் வந்திருந்தார், பெண்ணின் அம்மாவுக்கு முப்பது வருடக் கஸ்டமாவாம். குழுவினர் அவர் பெயரைச் சொன்னதும் எழுந்து, என்னையும் இழுத்துக்கொண்டு, நடுவில் போய் மெதுவாகக் குனிந்து ஆடினார். என் துணியைத் தொட்டுப் பார்த்து, பக்கத்திலிருந்தவர்களிடம் "என் கடை" என்றார். அரை கஜ விவகாரத்தை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

துணிக்கு ஐந்துக்கு நாலரை, வெளிச்சத்துக்கு ஒன்று, அளவுக்குப் பையன் இருந்தால் நாலு, இல்லாவிட்டால் நீங்களே டேப் கொண்டுபோங்கள். சனிக்கிழமை வேண்டாம், காலை பத்து மணிக்குள் போங்கள்.

படம் பார்த்த அம்மா போனில் கேட்ட ஒரே கேள்வி, நல்ல பட்டுப்புடவையை எதற்கு இரண்டாக வெட்டினாய் என்பது. பையன் கேட்டது வேறு. போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது: "ஆன்ட்டி, உங்கள் ஊரில் தறிக்காரரிடமே நேரில் எடுத்தால் கஜம் என்ன விலை?" சித்தப்பாவிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.