மணிக்கு ஒரு தடவை "கால் தூக்குங்க அங்கிள்" – ஐசியுவில் ஆறு நாள், 5க்கு 4

அப்பாவுக்குப் பெருந்தமனியில், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில், வீக்கம், மார்பிலிருந்து வயிறு வரைக்கும். இருமல் நிற்கவில்லையே என்று எடுத்த ஸ்கேனில் அகப்பட்டது. நாற்பது வருஷ சிகரெட், பாதி நாள் போட மறந்த பிபி மாத்திரை, வேறென்ன வரும் என்று நான் சொல்ல, அம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். இங்கே சிங்கப்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (வீங்கிய குழாய்க்குள் வைக்கும் துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்) வைத்தார்கள். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், குறையும் சொல்லப் போகிறேன்.

குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வாங்கும்போது "ஸ்ட்ரோக் வரலாம், கிட்னி கெடலாம், ரெண்டு காலும் விளங்காமல் போகலாம்" என்று சாப்பாட்டு மெனு படிப்பதுபோல் படித்தார்கள். நெஞ்சில் செய்கிற வேலைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டோம். "சின்ன சான்ஸ்தான்" என்பதோடு சரி.

ஐசியுவில் பார்த்தால் அப்பாவின் இடுப்புக்கு மேலே முதுகிலிருந்து மீஹூன் (அரிசிச் சேமியா) கணக்காக ஒரு மெல்லிய குழாய், பக்கத்துக் கம்பத்தில் தொங்கும் பைக்குப் போகிறது. தண்ணி மாதிரி ஏதோ சொட்டுகிறது. இன்னொரு பக்கம் பிபியை வேண்டுமென்றே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பலதுறை மருந்தகத்துல கொஞ்சம் ஏறினாலே திட்டு விழும், இங்க ஏத்திவிட்டுட்டு குட் குட்ங்கறாங்க." தாதியர் மணிக்கு ஒரு தடவை எழுப்பி இரண்டு காலையும் தூக்கச் சொன்னார்கள். பிலிப்பினோ தாதி ஒருவர் "கால் தூக்குங்க அங்கிள்" என்று தமிழிலேயே கற்றுக்கொண்டுவிட்டார். அப்பா தூங்கவிடவில்லை என்று திட்டிக்கொண்டேதான் தூக்குவார்.

முதல் நாள் சாயங்காலம் எங்கள் அத்தான், மாமனார் சௌகரியமாகச் சாயட்டும் என்று ரிமோட்டை அமுக்கிக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டார். தாதி ஓடி வந்து குழாயின் திருகை மூடிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பையின் உயரத்தை அப்பா படுத்திருக்கும் மட்டத்துக்கு அளந்து வைத்திருக்கிறார்களாம், தலை மேலே போனால் நீர் சரசரவென்று வடிந்து மூளையைச் சுற்றி ரத்தக்கசிவுகூட வரலாமாம். அத்தான் முகம் வெளுத்துவிட்டது. ரிமோட்டைத் தொடாதே என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் இவ்வளவு கலாட்டா இல்லை.

இரண்டாம் ராத்திரி மூன்று மணிக்கு அப்பாவின் இடது கால் ஒரு சாண் எழும்பித் தொப்பென்று விழுந்தது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். தாதி மறுபடி தூக்கச் சொன்னார், மறுபடி விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் டாக்டர் வந்தார், பிபியை ஏற்றும் மருந்தைக் கூட்டினார்கள், திருகைத் திறந்து மில்லிமில்லியாக அளந்து நீரை வடித்தார்கள். விடியும் முன் கால் பழையபடி தூக்கியது. அழுதேன், அதை எழுத வெட்கமில்லை.

காலையில் அந்த டாக்டர் ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். பெருந்தமனியிலிருந்து விலா எலும்புகளுக்கு இடையே போகும் கிளைகளில் சில, காலை இயக்கும் நரம்புகள் போகிற தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கின்றன. ஸ்டென்ட் கிராஃப்ட் உள்ளே படியும்போது அந்த வாய்கள் அடைபடும். பெரிய கிளைக்கு ஆடம்கீவிச் தமனி என்று பெயர், 1882ல் அதை விவரித்தவரின் பெயர்தான், பெரும்பாலும் இடது பக்கம் மார்பின் கீழ்ப்பகுதியில் கிளம்பும். தோள், இடுப்பு வழியாக வரும் மற்ற நாளங்கள் கைகொடுக்கும், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். அப்பாவுக்கு இரண்டு தடவையாக, இடைவெளி விட்டுச் செய்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கணக்கு சுலபம். சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைக் கழியுங்கள், முதுகுக் குழாய் வடிப்பது இந்த நீரைத்தான். 90இல் 10 போனால் 80, தண்டுவடத்துக்குள் ரத்தத்தைத் தள்ள மிஞ்சும் அழுத்தம் அதுதான். பிபி 70க்கு இறங்கி நீர் 20க்கு ஏறினால் மிச்சம் 50தான். அதனால்தான் ஒன்றை ஏற்றி மற்றதை வடிக்கிறார்கள். கால் பலவீனம் ஆப்பரேஷன் முடிந்து மணிக்கணக்கில், ஏன் நாள்கணக்கில் கழித்துக்கூட வருமாம், அதற்குத்தான் மணிக்கு ஒரு தடவை எழுப்பியது. வீட்டுக்கு வந்து தேடியதில் 2002ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கிடைத்தது: 145 பேரில் நீர் வடிக்காதவர்களில் 13 சதவீதத்தினருக்குக் கால் பாதித்தது, வடித்தவர்களில் 2.6. அது வெட்டித் திறந்து செய்யும் ஆப்பரேஷன், அப்பாவுக்கு நடந்தது வேறு, இருந்தாலும் அந்த மீஹூன் குழாய்மேல் மரியாதை வந்துவிட்டது.

இந்தப் படத்தைக் கையெழுத்து வாங்கும் முன்னாலேயே போட்டிருக்கலாம் இல்லையா? ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான் போச்சு. தாதியருக்குத் தனியாக 5க்கு 5.

சாப்பாடு சுமார். பில் மெடிஷீல்டு லைஃப் (அரசாங்க மருத்துவக் காப்பீடு), மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) போக மீதியைச் சமூகப் பணியாளரிடம் பேசித் தவணையாக்கினோம். டிஸ்சார்ஜ் ஆகும்போது பழைய பிபி மாத்திரைகளை அப்படியே ஆரம்பிக்க வேண்டாம், தாங்கள் சொல்லும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைப் பலதுறை மருந்தகத்துக்குக் கையோடு எடுத்துப்போங்கள், நாங்கள் மறந்துவிட்டுப் போய் அரைநாள் வீணானது.

அப்பா இப்போது புளோக் கீழே காப்பிக் கடைக்குத் தானே இறங்கிப் போகிறார். கோப்பி ஓ மட்டும்தான் என்கிறார், சட்டைப்பையை இன்னும் நான் தடவிப் பார்க்கவில்லை.