‘ஓல்டு கோர்ஸ் டீ டைம் உறுதி’ என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கோல்ஃப் ஆடக் கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கான எச்சரிக்கை இது. 2024 செப்டம்பரில் அல்சூர், இந்திராநகர் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர் ஓல்டு கோர்ஸ் என்ற புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் போய்வந்தார்கள். ‘ஓல்டு கோர்ஸ், 18 ஹோல், உறுதி’ என்ற ஒரே ஒரு வரிக்காக ஆளுக்கு 85,000 ரூபாய் உள்ளூர் முகவர் ஒருவரிடம் கட்டியிருந்தார்கள். விமானம், தங்குமிடம், வண்டி எல்லாம் தனிக் கணக்கு. நான்கு பேரும் அந்த மைதானத்தில் ஒரு பந்துகூட அடிக்காமல் திரும்பினார்கள்.

அந்தப் பருவத்தில் ஓல்டு கோர்ஸின் கிரீன் ஃபீ, அதாவது ஓர் ஆட்டத்துக்கான மைதானக் கட்டணம், 320 பவுண்ட். அப்போதைய மாற்று விலையில் சுமார் 35,000 ரூபாய். முகவர் லாபம் வைப்பது குற்றமில்லை. மைதானம் அங்கீகரித்த பயண நிறுவனங்களும் விடுதி, மற்ற மைதானங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, கிரீன் ஃபீயைவிடக் கூடுதலாகத்தான் விற்கின்றன. ஆனால் அவர்கள் கையில் உண்மையான டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கிய நேரம்) இருக்கிறது. இந்த முகவர் கையில் எதுவுமே இல்லை. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போடக்கூடிய பாலட் என்கிற குலுக்கலில் நான்கு பெயரைப் போட்டுவிட்டு, அதற்குத்தான் 3,40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

வவுச்சரைப் பார்த்தால் விஷயம் புரியும். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘கன்ஃபர்ம்டு’. மூன்றாம் பக்கத்தின் அடியில், வெளிறிய பொடி எழுத்தில், ‘பாலட்டுக்கு உட்பட்டது, கிடைக்காவிட்டால் இணையான மைதானம்’. அந்த ‘இணையான’ என்ற சொல்லை வைத்துத்தான் அதே ஊரின் நியூ கோர்ஸுக்கு அனுப்பினார்கள். 1895-லிருந்து இருக்கும் அருமையான மைதானம் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் கட்டணம் ஓல்டு கோர்ஸில் பாதிகூட இல்லை. மிச்சப் பணத்தைக் கேட்டதற்கு, ‘சேவை வழங்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரி பதில்.

இதற்கும் முன்னாலேயே ஒரு தடயம் இருந்தது. முகவர் முதலில் கொடுத்த பயணத் திட்டத்தில் ஓல்டு கோர்ஸ் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போடப்பட்டிருந்தது. பெரிய போட்டிகளைத் தவிர, ஞாயிறன்று அங்கே ஆட்டமே கிடையாது. அன்றைக்கு ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு ஃபேர்வே எனப்படும் புல்வெளிப் பாதையில் நடப்பார்கள், சுற்றுலாப் பயணிகள் 18-வது ஹோலில் இருக்கும் ஸ்வில்கன் பாலத்தில் நின்று இலவசமாகப் படம் எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு டீ டைம் எழுதித் தருகிறவருக்கு அந்த மைதானத்தைப் பற்றி அடிப்படையே தெரியாது. அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஓல்டு கோர்ஸ் பொதுமக்களுக்கான மைதானம். தனியார் கிளப்புக்குச் சொந்தமானதல்ல. பொது நிலத்தில் இருப்பது, நிர்வகிப்பது ஓர் அறக்கட்டளை. அதனால்தான் வெளியூர்க்காரருக்கும் வழி திறந்திருக்கிறது. வழிகள் இவைதான். முந்தைய ஆண்டே நேரடியாக விண்ணப்பித்து வாங்குவது ஒன்று. அங்கீகரிக்கப்பட்ட பயண நிறுவனம் இரண்டாவது. அந்தப் பட்டியல் மைதானத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது, உங்கள் முகவரின் பெயரோ, அவர் யார் மூலம் வாங்குகிறாரோ அவர் பெயரோ அதில் இருக்க வேண்டும். மூன்றாவது பாலட். தனியாகப் போகிறவர்களுக்குத் தனி ஏற்பாடு: முந்தைய நாள் நேரில் போய்ப் பதிவு செய்தால், ஆள் குறைவாக உள்ள குழுக்களில் குலுக்கல் முறையில் சேர்த்துவிடுவார்கள். 2024-க்கு முன் இதற்காக விடிய விடிய வரிசையில் நின்றார்கள். இப்போது அது தேவையில்லை.

பாலட் போடுவதற்கு முகவரே வேண்டாம். ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், அங்கத்து நேரம் மதியம் 2 மணிக்குள் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும். கோடைக்கால நேரப்படி நமக்கு மாலை 6.30. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் புதன்கிழமை மாலை. குறைந்தது இரண்டு பேர், அதிகம் நான்கு பேர். ஒவ்வொருவருடைய பெயர், கிளப், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) மூன்றும் கேட்பார்கள். அன்று மாலையே முடிவு வந்துவிடும். எனவே செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரே ஒரு நாள் மட்டும் தங்கும் திட்டத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று, நான்கு நாள் தங்கி, ஞாயிறு தவிர்த்து ஒவ்வொரு நாளுக்கும் பாலட் போடுங்கள். விழாவிட்டாலும் ஆட்டம் கெடாமல் இருக்க நியூ, ஜூபிலி போன்ற அடுத்த மைதானங்களில் ஓரிரு நாள் முன்பதிவு செய்துகொள்ளலாம். நாள் குறிக்கும்போது அக்டோபர் தொடக்கத்தைப் பாருங்கள்: டன்ஹில் போட்டிக்காக அப்போது மைதானம் மூடியிருக்கும். 2027 ஜூலையில் ஓப்பன் கோல்ஃப் போட்டி அங்கேதான் நடக்கிறது, அதையொட்டிய வாரங்களையும் தவிருங்கள்.

ஹேண்டிகேப் சான்று இல்லாமல் போனால் ஆட்டம் தொடங்கும் முதல் டீயிலேயே திருப்பி அனுப்பும் உரிமை அவர்களுக்கு உண்டு. ‘அதெல்லாம் கேட்கமாட்டார்கள் சார்’ என்று முகவர் சொன்னால் நம்பாதீர்கள். கிளம்பும் முன் உங்கள் கிளப்பில் நடப்புச் சான்றை வாங்கிப் பையில் வையுங்கள்.

‘குளிர்காலச் சலுகை’ என்று பாதி விலையில் வருவதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை கட்டணம் குறைவுதான். ஆனால் அந்த மாதங்களில் புல்லைக் காப்பதற்காக ஃபேர்வேயில் பந்தைச் சின்ன விரிப்பு (மேட்) மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதைக் கையில் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். வாழ்க்கையில் ஒருமுறை போகிறவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது பெரிய அநியாயம். இன்னொன்று, ஓல்டு கோர்ஸில் நடந்துதான் ஆட வேண்டும்; மருத்துவக் காரணம் இல்லாமல் பக்கி (மைதானத்துக்குள் ஓட்டும் சிறு வண்டி) கிடைக்காது. பில்லில் ‘பக்கி சார்ஜ்’ இருந்தால் எதற்கென்று கேளுங்கள். கேடிக்கு (கோல்ஃப் பையைச் சுமந்து வரும் உதவியாளருக்கு) முன்பணம் கட்டியாகிவிட்டது என்றால் அதற்கும் ரசீது கேளுங்கள். கேடிக்கான பணமும் டிப்ஸும் பொதுவாக ஆட்டம் முடிந்ததும் அவர் கையில் நேரடியாகத் தருவது.

அமெரிக்க மைதானங்களிலும் இதே கதைதான். பெபிள் பீச்சில் கிரீன் ஃபீ மட்டுமே 600 டாலரைத் தாண்டிவிட்டது. அங்கே மாதக்கணக்கில் முன்கூட்டியே டீ டைம் வேண்டுமென்றால் அவர்களுடைய ரிசார்ட்டில் தங்க வேண்டும். வேறு மலிவு விடுதியைப் போட்டுவிட்டு ‘ஆறு மாதம் முன்பே உறுதி’ என்பவரை நம்ப வேண்டாம். நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக் மாநில அரசின் பூங்கா. வெளி மாநிலத்தவருக்குக் கட்டணம் மிக அதிகம். உள்ளூர்க்காரர் கட்டணத்தைக் காட்டி விலை பேசிவிட்டு, கடைசியில் வித்தியாசம் கேட்பார்கள்.

பில்லில் டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) என்று பிடித்திருந்தால் முகவர் உங்கள் பேன் எண்ணில் அதைக் கட்டியிருக்க வேண்டும். சில மாதம் கழித்து வருமான வரி இணையதளத்தில் உங்கள் பேன் எண்ணின் வரிப் பதிவில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் வரி என்ற பெயரில் வாங்கிய பணம் அவரிடமே இருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒழுங்காகக் கட்டியிருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா, பவுண்டா என்று கேட்டால் பவுண்ட் என்றே சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வவுச்சரின் எல்லாப் பக்கங்களையும், ‘உறுதி’ என்று சொன்ன வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் தாமதிக்காமல் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை) கேளுங்கள், அதற்குக் கெடு உண்டு. பிறகு 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. நான்கு பேர் கட்டிய 3,40,000 ரூபாயும் அந்த வரம்புக்குள்தான் வருகிறது.